டூலுக்கு விளக்கம் எழுதுவது எப்படி?

ஏ.ஐ. ஏஜென்ட் என்பது பதில் சொல்வதோடு நிற்காமல், தானே சில புரோகிராம்களை இயக்கி வேலையை முடித்துத் தரும் சாப்ட்வேர். இந்த புரோகிராம்களை டூல் என்கிறார்கள். எந்த டூலை எப்போது இயக்குவது? பெயரையும் நாம் எழுதித் தரும் சில வரி விளக்கத்தையும் படித்தே ஏஜென்ட் முடிவெடுக்கிறது. டூலின் உள்ளே இருக்கும் கோடிங் வழக்கமாக அதற்குத் தெரியாது.

பழவேற்காட்டை எடுத்துக் கொள்வோம். மீனவர்களில் சிலர் ஏரியில் வலை வீசுகிறார்கள். சிலர் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போகிறார்கள். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் கடல் அலை, காற்று குறித்த முன்னறிவிப்புகளைத் தருகிறது. அதை எடுத்துத் தரும் டூல் ஒன்றை நீங்கள் தயாரிப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். "பழவேற்காடு வானிலை தரும்" என்று மட்டும் எழுதினால், ஏரிக்குப் போகிறவர் கேட்டாலும் கடல் அலையின் உயரமே பதிலாக வரலாம்.

இப்படி எழுதிப் பாருங்கள்: "பழவேற்காட்டை ஒட்டிய கடலில் அலை உயரத்தை மீட்டரிலும், காற்றின் வேகத்தை நாட் அளவிலும் தரும். ஏரிக்கும் முகத்துவாரத்திற்கும் பயன்படுத்தக் கூடாது. தேதி கட்டாயம் தேவை. தகவல் வராவிட்டால் கடல் அமைதியாக இருப்பதாகப் பொருள் அல்ல."

புரோகிராம் எழுதுவதைவிட இந்த நாலு வரிதான் கஷ்டம்!

அளவின் பெயர் எதற்கு? ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கி.மீ. டூல் வெறுமனே 25 என அனுப்பினால், 46 கி.மீ. வேகக் காற்றை 25 கி.மீ. என ஏஜென்ட் சொல்லிவிட வாய்ப்புண்டு. அதை நம்பித்தான் ஒருவர் படகை இறக்குவார்.

எழுதி முடித்ததும், "நாளை ஏரியில் அலை எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். ஏஜென்ட் இந்த டூலைத் தொடக்கூடாது. தொட்டால் விளக்கத்தைத் திருத்திடுங்கள்.