வயிற்றில் விழும் கோடுகள்... எது இயல்பு, எது எச்சரிக்கை?

ஏழாம் மாத வளைகாப்பு முடிந்து, தூத்துக்குடியில் இருக்கும் தாய்வீட்டுக்கு வந்திருக்கிறாள் மகள். குளித்துவிட்டு உடை மாற்றும்போது அடிவயிற்றில் சிவப்பாக நாலைந்து கோடுகள். பதறிப்போய் அம்மாவிடம் காட்டுகிறாள். “சொறியாத, சொறியாதன்னு சொன்னேம்லா... கேட்டியா?” என்கிறார் அம்மா. மகளுக்கு ஒரே கேள்விதான். “எம்மா, இது போயிருமா?”

பல வீடுகளில் நடக்கும் பேச்சு இது. அம்மாவின் அக்கறை உண்மை. சொல்லும் காரணம்தான் சரியில்லை. சொறிவதால் இந்தக் கோடுகள் விழுவதில்லை. வயிறு பெரிதாகும்போது தோல் விரிகிறது. அப்போது அரிப்பும் வருகிறது, கோடும் வருகிறது. இரண்டும் சேர்ந்து வருவதால் ஒன்றால்தான் மற்றது வந்தது என்று நினைத்துக்கொள்கிறோம்.

வலை அறுவதுபோல...

தெரேஸ்புரம் கடற்கரையில் மீனவர்கள் அறுந்த வலையைச் சரிசெய்துகொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நம் தோலின் உள் அடுக்கிலும் கொலாஜன், எலாஸ்டின் என்ற புரத இழைகள் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. குறுகிய காலத்தில் தோல் அளவுக்கு மேல் இழுபட்டால் இந்த இழைகள் அறுகின்றன. மேல்தோல் கிழிவதில்லை, சேதம் உள்ளேதான். உடல் அதைச் சரிசெய்துவிடும். ஆனால், சரிசெய்த இடம் தனியாகத் தெரியும். அதைத்தான் ‘ஸ்ட்ரெட்ச் மார்க்ஸ்’ என்கிறோம். ஆரம்பத்தில் சிவப்பாகவோ, ஊதாவாகவோ, கறுத்த தோலில் கருமையாகவோ இருக்கும். மாதங்கள் செல்லச் செல்ல மங்கி வெளுக்கும்.

இழுவிசை மட்டுமே காரணம் அல்ல. ஹார்மோன் மாற்றங்களும் பரம்பரையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வர வாய்ப்பு அதிகம். கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு மேல் இந்தக் கோடுகள் வருகின்றன. இளம் வயதில் கருத்தரிப்பவர்களுக்கும் எடை அதிகம் கூடுபவர்களுக்கும் வாய்ப்பு இன்னும் அதிகம்.

வளரும் பிள்ளைகளுக்கும் வரும். பெண் பிள்ளைகளுக்குத் தொடை, இடுப்பு, மார்பில் தெரியும். மளமளவென்று உயரும் பையன்களுக்குக் கீழ்முதுகில், பிரம்பால் அடித்ததுபோலக் குறுக்குக் கோடுகள் விழும். ‘யார் அடித்தது?’ என்று பதற வேண்டாம். அதே நேரம், பிள்ளையிடம் பக்குவமாகக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் தவறில்லை.

எண்ணெய் தடவினால் வராதா?

தேங்காய் எண்ணெய், ஆலிவ் ஆயில், கோக்கோ பட்டர், விலை உயர்ந்த ‘பிரெக்னன்ஸி கிரீம்’... எதைத் தடவினாலும் கோடு வராமல் தடுக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, 2012-ல் இதைத்தான் சொன்னது. எண்ணெய் தடவுவதால் வறட்சியும் அரிப்பும் குறையும். அதற்கு வீட்டில் இருக்கும் தேங்காய் எண்ணெயே போதும். ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு, கோடு விழுந்ததும் ‘நான் சரியாகத் தடவவில்லையோ’ என்று குற்ற உணர்ச்சி கொள்ளத் தேவையில்லை.

நாமே வரவழைக்கும் கோடு

தடுக்கக்கூடிய ஒரு வகை உண்டு. அதைத்தான் நாம் கவனிப்பதில்லை. கடலோரப் புழுக்கத்தில் வியர்வை தங்கி, தொடை இடுக்கில் படர்தாமரை வருவது சகஜம். வெட்கப்பட்டுக்கொண்டு மருந்துக்கடையில் ‘அரிப்புக்கு ஒரு ஆயின்மென்ட்’ என்று கேட்டு வாங்கிப் பூசுகிறோம். அதில் குளோபெட்டாசால், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இருந்தால், இரண்டே நாளில் அரிப்பு அடங்கும். ஆனால், பூஞ்சை சாகாமல் பரவும். வாரக்கணக்கில் பூசும்போது தோல் மெலிந்து, தொடை இடுக்கிலும் அக்குளிலும் அகலமான கோடுகள் விழும். அவை மறைவது கடினம்.

உப்பளத்திலும் மீன் ஏலக்கூடத்திலும் வெயிலில் நின்று முகம் கறுத்துவிட்டதே என்று பூசும் சில ‘சிவப்பழகு’ கிரீம்களிலும் மொமெட்டாசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். தொடர்ந்து பூசினால் முகத்தில் ரத்தநாளங்கள் தெரியும், பருக்கள் கிளம்பும், வெயில் பட்டாலே எரியும்.

இத்தகைய ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு விதியைக் கடுமையாக்கியது. எனவே, டியூபில் உள்ள மருந்துப் பெயரைப் படித்துப் பாருங்கள். மாதக்கணக்கில் பூசிவருபவர்கள் திடீரென நிறுத்தாமல், தோல் மருத்துவரிடம் டியூபைக் காட்டி ஆலோசனை பெறுங்கள். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே இதற்குக் காட்டலாம்.

உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டியவை

கர்ப்பத்தின் கடைசி மாதங்களில், தடிப்பே இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் கடுமையாக அரிக்கிறதா? இரவில் அதிகமாகிறதா? இது தோல் விரிவதால் வரும் அரிப்பாக இல்லாமல், கல்லீரலில் பித்தநீர் தேங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். குழந்தையையும் பாதிக்கக்கூடியது. ‘கர்ப்பத்தில் அரிக்கத்தான் செய்யும்’ என்று தள்ளிப்போடாதீர்கள். ஒரு ரத்தப் பரிசோதனை தேவை.

கர்ப்பமே இல்லாமல் வயிற்றில் அகலமான ஊதாக் கோடுகள், உப்பிய முகம், தசை பலவீனம், உயர் ரத்த அழுத்தம் ஆகியவை சேர்ந்து வந்தால், கார்ட்டிசால் ஹார்மோன் மிகையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மருத்துவர் சொல்லாமல் ஸ்டீராய்டு மாத்திரைகளை நீண்டகாலம் விழுங்குபவர்களுக்கும் இந்த நிலை வரலாம்.

சிகிச்சை என்ன?

கோடு சிவப்பாக இருக்கும்போது சிகிச்சைக்குப் பலன் அதிகம். டிரெட்டினாயின் கிரீமை மருத்துவர் பரிந்துரைக்கலாம். ஆனால், கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் இதைத் தொடவே கூடாது. பாலூட்டும் தாய்மார்கள் மருத்துவரிடம் கேட்காமல் பூசக் கூடாது. வெளுத்த கோடுகளுக்கு லேசர், நுண்ணூசி கொண்டு செய்யும் ‘மைக்ரோநீட்லிங்’ போன்றவை உண்டு. பல அமர்வுகள் தேவைப்படும், செலவும் அதிகம். நம் நிறத் தோலில் லேசரால் புதிதாகக் கருந்திட்டுகள் விழும் அபாயம் இருப்பதால், அனுபவமுள்ள தோல் மருத்துவரிடமே செய்ய வேண்டும். ‘முழுவதும் மறைந்துவிடும்’ என்று யாராவது உத்தரவாதம் தந்தால் நம்பாதீர்கள். மங்கும், அவ்வளவுதான்.

ஆக, அந்த மகளின் கேள்விக்குப் பதில் இதுதான்: முழுக்கப் போகாது, பிரசவத்துக்குப் பிறகு மெள்ள மெள்ள மங்கும். அதனால் உடலுக்கு எந்தக் கெடுதலும் இல்லை. அது அவளுடைய தவறும் இல்லை. அடுத்த முறை மகள் வயிற்றைக் காட்டினால் ‘ஏன் சொறிஞ்ச?’ என்று கேட்காதீர்கள் அம்மாக்களே... ‘கையும் காலும் அரிக்குதா?’ என்று கேளுங்கள்.