மஞ்சள் மாத்திரை குடல் அழற்சியைக் குறைக்குமா?

திருவண்ணாமலை செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள இயற்கை அங்காடிகளில் திரிபலா சூரணம், கற்றாழைச் சாறு வரிசையில் இப்போது ‘குர்குமின்’ மாத்திரை டப்பாவும் இடம்பிடித்திருக்கிறது. மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான பொருள்தான் குர்குமின். "இயற்கைதானே, ஒண்ணும் பண்ணாது" என்று வாங்கிப்போகும் முன் சில விஷயங்கள்.

பஜ்ஜி சாப்பிட்டு வயிறு உப்புவது வேறு, குடல் அழற்சி வேறு. ‘அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்’ நோயில் பெருங்குடலின் உட்சுவர் புண்ணாகி, ரத்தத்தோடு வயிற்றுப்போக்கு போகும். அடங்கும், திரும்பவும் வரும்.

அழற்சியைத் தூண்டும் ‘என்எஃப்-கப்பா பி’ என்ற புரதத்தைக் குர்குமின் அடக்குகிறது என்பது ஆய்வகத்தில் தெரிந்த விஷயம். மனிதர்களிடம்? ஜப்பானில் நோய் அடங்கியிருந்த 89 பேரிடம் நடந்த ஆய்வு 2006-ல் வெளியானது. வழக்கமான மருந்தோடு தினமும் 2 கிராம் குர்குமின் எடுத்தவர்களில், 6 மாதத்தில் நோய் திரும்பியது 5 சதவீதத்துக்கும் குறைவு. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் சுமார் 20 சதவீதம்.

ஆனால் டெல்லி எய்ம்ஸ் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், தினமும் 450 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தபோது வெற்று மாத்திரையைவிடப் பலன் ஒன்றும் கூடவில்லை. ஆக, அளவுதான் சிக்கல். மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். 2 கிராம் வேண்டுமென்றால் அறுபது கிராமுக்கு மேல் மஞ்சள்தூள் சாப்பிடணும். சாம்பாரில் போடும் ஒரு சிட்டிகை இந்தக் கணக்கிலேயே வராது.

டப்பாவில் ‘மிளகுச் சத்து சேர்த்தது’ என்று இருக்கிறதா? மிளகின் பைப்பரின், குர்குமின் ரத்தத்தில் சேருவதை 20 மடங்கு கூட்டுகிறது என 1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வு காட்டியது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் குர்குமின் வேலை செய்ய வேண்டிய இடம் குடல் சுவர். ரத்தத்தில் சேராமல் தங்குவதுதான் அங்கே வசதி. கல்லீரலுக்கு அது வேறு கதை. 2019-ல் இத்தாலியில் மஞ்சள் மாத்திரை எடுத்த பலருக்குக் கல்லீரல் அழற்சி வந்து, அரசே விசாரணையில் இறங்கியது. பைப்பரின் மற்ற மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் ஏற்றிவிடக் கூடும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

இன்னொன்று, ஜப்பான் ஆய்வில் யாரும் மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தவில்லை. குர்குமின் அதோடு கூட எடுத்துக்கொண்டதுதான்.

அடுத்த முறை டப்பாவைத் திருப்பிப் பாருங்க. ‘மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். இத்தகைய சத்துப் பொருட்களில் அதை அச்சிட வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி.