ஒலியைச் செதுக்கும் வடிகட்டி

மார்கழி மாதத்தில் மயிலாப்பூர், தியாகராய நகர் சபாக்களில் கச்சேரி கேட்டிருக்கிறீர்களா? சில கச்சேரிகளில் மிருதங்க வித்துவானுக்கு அருகே மோர்சிங் கலைஞர் ஒருவர் அமர்ந்திருப்பார். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சிறிய இரும்புக் கருவி அது. வளையத்தின் நடுவே மெல்லிய எஃகுத் தகடு ஒன்று நீண்டிருக்கும். கருவியைப் பற்களில் பொருத்திப் பிடித்து, தகட்டின் நுனியை விரலால் மீட்டுவார். மிருதங்கம் சொல்லும் சொற்களை அந்தத் தகடும் சொல்லும்!

இதில் ஒரு புதிர் இருக்கிறது. தகட்டின் சுருதி ஒன்றே ஒன்றுதான். சுருதியைச் சற்று இறக்க வேண்டுமானால் அதில் மெழுகு ஒட்டலாம். ஆனால் வாசிக்கும்போது மாற்ற முடியாது. அப்படியானால் இத்தனை விதமான ஒலிகள் எங்கிருந்து வருகின்றன?

ஒன்றுக்குள் பல

தகடு நொடிக்கு 100 முறை அதிர்வதாக வைத்துக்கொள்வோம். அப்போது 100 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட அடிப்படைச் சுரம் மட்டும் எழுவதில்லை. 200, 300, 400 என்று அதன் மடங்குகளும் கூடவே ஒலிக்கின்றன. இவற்றை மேற்சுரங்கள் என்கிறோம். வீணையும் புல்லாங்குழலும் ஒரே சுரத்தை இசைத்தாலும் நம் காது பிரித்தறிகிறது அல்லவா? எந்த மேற்சுரம் எவ்வளவு வலுவாக உள்ளது என்பது அதற்கு முக்கியக் காரணம்.

மோர்சிங் கலைஞர் தம் நாவை அசைத்து வாயறையின் வடிவத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறார். ஒவ்வொரு வடிவமும் சில மேற்சுரங்களை ஓங்கச் செய்து மற்றவற்றை அடக்குகிறது. ஆக, வாய்தான் வடிகட்டி!

நீங்களும் சோதித்துப் பாருங்கள். ஒரே சுருதியில் 'ஆ' என்று பாடத் தொடங்கி, மூச்சு விடாமல் 'ஈ' என்று மாற்றுங்கள். சுருதி மாறவில்லை, வாயின் வடிவம்தான் மாறியது. ஆண் குரலில் 'ஆ' ஒலிக்கும்போது சுமார் 700, 1,200 ஹெர்ட்ஸ் அருகே உள்ள மேற்சுரங்கள் ஓங்குகின்றன. 'ஈ' ஒலிக்கும்போது சுமார் 300, 2,200 ஹெர்ட்ஸ் அருகே உள்ளவை ஓங்குகின்றன.

கணக்கே வடிகட்டி

இதே வேலையை மின்சுற்றாலும் செய்யலாம். அமெரிக்கரான ராபர்ட் மூக் 1960களில் உருவாக்கிய சிந்தசைசரில் டிரான்சிஸ்டர்களாலான வடிகட்டி இருந்தது. இன்று சிந்தசைசரே கணினிக்குள் ஒரு மென்பொருளாகிவிட்டது. அங்கே தகடும் இல்லை, வாயும் இல்லை. ஒலி என்பது வெறும் எண்களின் வரிசை. பெரும்பாலும் நொடிக்கு 44,100 எண்கள். மேற்சுரங்கள் நிறைந்த 'ரம்பப் பல்' அலையை மென்பொருள் முதலில் உண்டாக்குகிறது. பிறகு அதை வடிகட்டுகிறது.

எண்களை எப்படி வடிகட்டுவது? எளிய விதி ஒன்று உண்டு. கடைசியாக வெளிவந்த எண்ணையும், இப்போது உள்ளே வரும் எண்ணையும் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும். 0-இல் தொடங்கி நோட்டுப் புத்தகத்தில் போட்டுப் பாருங்கள்.

உள்ளே: 8, 8, 8, 8, 8
வெளியே: 4, 6, 7, 7.5, 7.75

உள்ளே: 8, –8, 8, –8, 8
வெளியே: 4, –2, 3, –2.5, 2.75

மாறாமல் நின்ற எண் ஏறக்குறைய முழுதாக வெளிவந்துவிட்டது. வேகமாக மாறிய எண்ணோ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. தாழ்ந்த அதிர்வெண்களை விட்டு, உயர்ந்தவற்றைத் தடுக்கும் இதற்கு 'லோ-பாஸ்' வடிகட்டி என்று பெயர். புதிய எண்ணுக்குப் பாதிக்குப் பதிலாகப் பத்தில் ஒரு பங்கு மட்டும் கொடுத்தால் தடை இன்னும் கடுமையாகும். சிந்தசைசரின் 'கட்-ஆஃப்' குமிழைத் திருகும்போது மாறுவது இத்தகைய எண்ணே. சற்று விரிவான வடிகட்டிகளில் 'ரெசொனன்ஸ்' என்ற குமிழும் உண்டு. அது தடை தொடங்கும் எல்லையருகே உள்ள மேற்சுரங்களை ஓங்கச் செய்யும். அந்த எல்லையை மேலும் கீழும் நகர்த்தினால், வாயைத் திறந்து மூடுவதுபோல 'வவ்-வவ்' என்று ஒலிக்கும்.

வடிகட்டியால் ஆகாதது

வடிகட்டி உள்ளே வந்ததைக் கூட்டிக் குறைக்குமே தவிர, வராத மேற்சுரத்தை உண்டாக்காது. ஆகவே மூல ஒலி செழுமையாக இருக்க வேண்டும். நம் தம்புராவைப் பாருங்கள். ஒரு தந்தியைச் சரிபாதியில் மீட்டினால் 2, 4, 6 ஆகிய மடங்குகள் எழக்கூடாது என்பது விதி. தம்புராவில் அவையும் எழுகின்றன! சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சர் சி. வி. இராமன் 1921-இல் இந்தியத் தந்திக் கருவிகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் இத்தகைய விதிமீறலை விளக்கினார். தந்தி தாங்கி நிற்கும் குதிரையின் அகன்று வளைந்த பரப்பே இதற்குக் காரணம். அதன்மேல் தந்திக்கடியில் செருகும் 'ஜீவா' நூலைச் சரியாக நகர்த்தியதும் தம்புரா ரீங்கரிக்கிறது.

செய்து பாருங்கள்

'ஆடாசிட்டி' என்ற இலவச மென்பொருளில் 200 ஹெர்ட்ஸ் ரம்பப் பல் அலை ஒன்றை உண்டாக்குங்கள். ஒலியைக் குறைத்து வைத்துக் கேளுங்கள். பிறகு 400 ஹெர்ட்ஸ் லோ-பாஸ் வடிகட்டியைப் போடுங்கள். கூர்மை போய் ஒலி மழுங்கிவிடும். இனி, மேற்சுரமே இல்லாத 200 ஹெர்ட்ஸ் சைன் அலையை அதே வடிகட்டியில் விடுங்கள். ஏறக்குறைய எந்த மாற்றமும் தெரியாது. நீக்குவதற்கு அதில் ஒன்றும் இல்லையே!

அடுத்து, தாழ்ந்தவற்றைத் தடுக்கும் 'ஹை-பாஸ்' வடிகட்டியை 400 ஹெர்ட்ஸில் வைத்து, இரண்டு அலைகளையும் அதில் விடுங்கள். என்ன கேட்கும் என்பதை முதலில் எழுதி வைத்துவிட்டுப் பிறகு கேளுங்கள்.