பில்லில் வராத செலவு

புற்றுநோய்க்கு எவ்வளவு செலவாகும் என்று கேட்டால் ஊசி, மாத்திரை, ஆபரேஷன் என்றுதான் கணக்குச் சொல்கிறோம். காப்பீட்டு அட்டை கையில் இருந்தால் கவலை தீர்ந்தது என்றும் நினைக்கிறோம். தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. அப்படியும் வீட்டு நகை அடகுக்கடைக்குப் போகிறதே, ஏன்? டீயைக் குடித்தபடியே ஒரே ஒரு சிகிச்சையை மட்டும் எடுத்துப் பார்ப்போம்.

கதிர்வீச்சு சிகிச்சை. ஊர்ப்பக்கம் ‘கரண்ட் வைப்பது’ என்பார்கள். மெஷினுக்குக் கீழே படுத்திருப்பது சில நிமிடங்கள்தான்; அப்போது வலியும் இருக்காது. ஆனால் வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு வாரம் 5 நாள் வீதம் 6, 7 வாரம் வைக்க வேண்டியிருக்கும்.

மொத்தத்தையும் ஒரே நாளில் வைத்தால் என்ன? பட்டுச் சேலையில் பட்ட கறையை ஒரே மூச்சில் அடித்துத் துவைத்தால் கறையோடு சேலையும் போகும் அல்லவா? அதனால்தான் கொஞ்சம் கொஞ்சமாக. ஒவ்வொரு நாளும் நல்ல செல்கள் தங்களைச் சரிசெய்துகொள்ள அவகாசம் கிடைக்கிறது.

இப்போது இந்தச் சிகிச்சைக்காகக் கம்பத்திலிருந்து மதுரைக்கு வரும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய்க் கூலி வேலை செய்கிறவர். தினமும் பஸ்ஸில் போய்வர உடம்பு தாங்காது. மதுரையில் அறை எடுக்க வேண்டும். துணைக்கு வீட்டுக்காரர் வருகிறார். ஏழு வாரம் இரண்டு பேர் கூலியும் போச்சு. ஊரில் பிள்ளைகளுக்குச் சோறு, இங்கே இவர்களுக்குச் சோறு. தொண்டை புண்ணாகி இட்லி இறங்காதபோது பாலும் முட்டையும் கஞ்சியும் வாங்க வேண்டும். நோய் இன்னதென்று தெரியும் முன்பே அங்கங்கே எடுத்த ஸ்கேனுக்கு வாங்கிய கடனுக்கு வட்டி வேறு. இதில் எதுவும் மருத்துவமனை பில்லில் வராது. சிகிச்சை முழுக்க இலவசமாக இருந்தாலும் இவ்வளவும் இருக்கும்.

பாதியில் ஊருக்குத் திரும்பிவிடுகிறவர்களை ‘அலட்சியம்’ என்று சொல்லிவிடுகிறோம். எனக்கு அந்தச் சொல் வலிக்கிறது. பலருக்குத் தீர்ந்துபோவது பொறுமை அல்ல, கைக்காசு. நடுவில் விட்ட நாட்களில் மிச்சமிருக்கும் புற்றுநோய்ச் செல்கள் மறுபடி பெருகும். அதுவரை பட்ட பாடும் வீணாகலாம்.

ஆகவே, பலன் குறையாமல் சிகிச்சை நாட்களைக் குறைக்க முடிந்தாலே குடும்பத்தின் செலவு குறையும். மார்பகப் புற்றுநோயில் இது நடந்திருக்கிறது. அறுவைக்குப் பின் 5 வாரம் என்றிருந்தது பலருக்கு 3 வாரமாகியது. பிரிட்டனில் 4,000-க்கும் அதிகமானவர்களிடம் நடத்திய ஆய்வு 2020-இல் வெளியானது: ஆரம்ப நிலையில் இருந்தவர்களுக்கு ஒரே வாரத்தில் 5 தடவை வைத்ததும், நோய் திரும்பாமல் காப்பதில் 3 வாரத்துக்குக் குறைவாக இல்லை. எல்லாருக்கும் இது பொருந்தாது. ஆனாலும் “டாக்டர், இதைக் குறைந்த நாளில் முடிக்க வழி இருக்கா? பக்கத்து ஊரிலேயே பார்க்கலாமா?” என்று முதல் நாளே கேட்கலாம். தயங்க வேண்டாம்.

பயணச் செலவைக் குறைக்கவும் ஒரு வழி உண்டு. ரயிலில் வருகிறவர்கள் மருத்துவமனையில் சலுகைச் சான்றிதழ் கேட்டு வாங்க வேண்டும். அது இருந்தால், சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. துணைக்கு வருபவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி.