குறுகிய வழியும் நெடிய வழியும்

ஐரோப்பாவின் வடபகுதியில் உள்ள பின்லாந்து நாட்டின் தலைநகர் ஹெல்சிங்கி. ஆசியாவின் கீழ்க்கோடியில் விளங்கும் ஜப்பானின் தலைநகர் டோக்கியோ. இவ்விரு நகரங்களுக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 7,800 கிலோமீட்டர். மணிக்கு 850 கிலோமீட்டர் விரைந்து செல்லும் வானூர்திக்கு, ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்து, ஒன்பதரை மணி நேரம் போதும்.

சுவரில் தொங்கும் தேசப்படத்தில் இவ்விரு நகரங்களையும் அளவுகோல் கொண்டு இணைத்தால், அக்கோடு கஜக்ஸ்தான், மங்கோலியா, சீனா ஆகிய நாடுகளின்மீது செல்லும். இதுவே குறுக்கு வழி என எண்ணிவிடாதீர்கள். உலக உருண்டை ஒன்றை எடுத்து, ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ வரை ஒரு நூலைத் தொய்வின்றி இழுத்துப் பிடியுங்கள். நூல் வடக்கு நோக்கிச் சென்று, ஆர்க்டிக் வட்டத்தைக் கடந்து, சைபீரியாவின் மேலாகக் கிடக்கும். உருண்டையான நிலத்தைத் தட்டையான தாளில் விரித்து வரைந்தமையால் நேர்ந்த மயக்கம் இது.

கடிகாரமும் நம்மை மயக்க வல்லது. குளிர்காலத்தில் ஹெல்சிங்கியில் மாலை 5 மணிக்குப் புறப்பட்டவர், மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு டோக்கியோவில் இறங்குவார். வெறுமனே கழித்துப் பார்ப்பவர் பயணம் பதினாறரை மணி நேரம் என்பார். டோக்கியோவின் கடிகாரம் ஏழு மணி நேரம் முந்தி ஓடுவதை அவர் மறந்தார் போலும்!

இனி, குறுகிய வழி இருந்தும் அதிற் செல்ல இயலாத நிலையைக் காண்போம். நாட்டின் நிலத்திற்கு எல்லை இருப்பது போலவே வானத்திற்கும் எல்லை உண்டு. இசைவு பெறாமல் அயல்நாட்டு ஊர்தி அதனுள் நுழைதல் ஆகாது. சோவியத் அரசு அன்று இசைவு அளியாமையால், 1983ஆம் ஆண்டு ஏப்ரலில் பின்லாந்தின் பின்னேர் நிறுவனம் சைபீரியாவை விலக்கி, வடதுருவத்தின் மேலாக டோக்கியோவுக்கு இடைநில்லாது ஊர்தி விடத் தொடங்கியது. பயணம் ஏறத்தாழ 13 மணி நேரம் நீண்டது. பிற்காலத்தில் சைபீரிய வான்வழி திறந்தது, நேரமும் குறைந்தது.

2022ஆம் ஆண்டு பிப்ரவரியில் ருஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தது. அதனையொட்டி ஐரோப்பிய நாடுகளும் ருஷ்யாவும் ஒன்றுக்கொன்று தம் வான்வழியை அடைத்துக்கொண்டன. நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு பறந்த துருவ வழிக்கே பின்னேர் மீண்டும் திரும்பியது. பயணம் மறுபடியும் ஏறத்தாழ 13 மணி நேரமாயிற்று. தொலைவு 12,000 கிலோமீட்டரைக் கடந்தது. நெடும்பயணத்திற்கு எரிபொருள் மிகுதியாக வேண்டும். அதன் எடை மிகுந்தால் பயணிகளும் சரக்கும் குறைய நேரும். துருவத்தைக் கடந்தவர்களுக்கு நிறுவனம் சான்றிதழ் வழங்கி மகிழ்வித்தது.

துருவத்தை நாடாமல், தெற்கே கருங்கடல், கஜக்ஸ்தான், சீனா, கொரியா வழியாகச் செல்லும் சுற்றுவழி ஒன்றும் உண்டு. மேற்கிலிருந்து கிழக்கே வீசும் உயர்வான் காற்று, டோக்கியோவுக்குச் செல்லும் ஊர்தியை அவ்வழியில் பின்னிருந்து உந்தும். ஆதலின் அன்றன்றைய காற்றை ஆராய்ந்த பின்னரே, வடக்கோ தெற்கோ என வழியை முடிவு செய்வர்.