ரியோ கார்னிவலின் முதல் 'மேள ராணி' ஒரு திருநங்கை... யார் இந்த எலோயினா?

2020 பிப்ரவரி. பிரேசிலின் சாவ் பாலோ கார்னிவலில், முன்னணி சம்பா குழு ஒன்றின் மேளக்காரர்களுக்கு முன்னால் கமிலா பிரின்ஸ் என்ற திருநங்கை ஆடி வந்தார். இந்த இடத்துக்கு வந்த 'முதல் திருநங்கை' என்று வெளிநாட்டு ஊடகங்கள் வரை செய்தி போட்டன. ஆனா, 44 வருஷத்துக்கு முன்னாடியே ரியோவில் ஒருவர் அதே இடத்தில் ஆடியிருக்கிறார். அவர்தான் எலோயினா தோஸ் லியோபார்தோஸ்.

அதென்ன மேள ராணி?

ரியோ கார்னிவலில் போட்டி போடுவது 'சம்பா பள்ளிகள்'. பெயர்தான் பள்ளி; உண்மையில் அந்தந்தப் பகுதி மக்கள் சேர்ந்து நடத்தும் மன்றம். ஒவ்வொரு வருஷமும் ஒரு கதை, அதற்கொரு பாட்டு, உடை, அலங்கார வண்டி என்று தயாராகி ஊர்வலம் வருவார்கள். நடுவர்கள் மார்க் போடுவார்கள்.

இதன் உயிர் 'பத்தேரியா' எனப்படும் மேளக்குழு. இன்று ஒரு பெரிய பள்ளியில் 250 பேருக்கு மேல் வாசிப்பார்கள். அத்தனை பேருக்கும் முன்னால் ஹை ஹீல்ஸில், ஊர்வலம் முடியும்வரை ஆடி வருபவர்தான் மேள ராணி. இன்றைக்கு டிவி நடிகைகளும் மாடல்களும் ஆசைப்படும் இடம் அது.

1976-ல் நடந்தது என்ன?

அப்போது பிரேசிலில் ராணுவ ஆட்சி. ரியோவை ஒட்டிய நிலோபோலிஸ் என்ற புறநகர்ப் பகுதியின் பெய்ஜா ஃப்ளோர் பள்ளி, அதற்கு முந்தைய வருஷம்தான் ராணுவ ஆட்சியின் பத்தாண்டு 'சாதனை'யைப் புகழ்ந்து ஊர்வலம் நடத்தியிருந்தது. கோப்பை கிடைக்கவில்லை.

1976-ல் ஜுவாசின்யூ ட்ரின்டா என்ற கலை இயக்குநர் அங்கே வருகிறார். பாலே நடனக்காரராக இருந்தவர். அரசுத் துதியைத் தூக்கிப்போட்டுவிட்டு, விலங்குகளின் பெயரில் பணம் கட்டும் 'ஜோகோ டோ பிஷோ' என்ற சட்டவிரோத லாட்டரியையே கதையாக எடுத்தார். மேளக்குழுவுக்கு முன்னால் எலோயினாவை நிறுத்தினார். பெய்ஜா ஃப்ளோர் முதன்முறையாக சாம்பியன் ஆனது!

ராணி என்ற பதவி அப்போது முறைப்படி கிடையாது. அதனால் முதல் ராணி யார் என்பதில் வேறு பெயர்களைச் சொல்பவர்களும் உண்டு. ஆனால் கார்னிவல் வரலாறு பேசுபவர்கள் பலர் எலோயினாவின் பெயரைத்தான் முதலில் சொல்கிறார்கள்.

மேடையில் கைதட்டல்... தெருவில் கைது

எலோயினா போன்றவர்களை பிரேசிலில் 'த்ரவெஸ்தி' என்பார்கள். ஆணாகப் பிறந்ததாகப் பதிவாகி, பெண்ணாக வாழ்பவர்கள். முதலில் வசைச்சொல்லாக இருந்ததை அவர்களே பின்னாளில் தங்கள் அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள்.

கார்னிவல் நாட்களில் யார் பெண் உடை போட்டாலும் ஊர் சிரித்து ரசிக்கும். மற்ற நாட்களில்? வேலையில்லாமல் திரிவதைக் குற்றமாக்கிய 1941-ம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி போலீஸ் பிடித்துப்போகும். எலோயினா ரியோவில் ஆடிய அதே 1976-ல்தான், சாவ் பாலோ நகர மையத்தில் தென்படும் த்ரவெஸ்திகளை விசாரணைக்குப் பிடிக்கலாம் என்று அங்கே போலீஸ் உத்தரவு போட்டது. ஒரே நாடு, ஒரே வருஷம்!

பெயருக்குப் பின்னால் சிறுத்தை

எலோயினா சம்பாவோடு நிற்கவில்லை. ஆட்டமும் பாட்டும் கலந்த மேடை நிகழ்ச்சிகள்தான் அவருக்குத் தொழில். 80-களில் கோபகபானாவில், ஆண்கள் ஆடும் 'சிறுத்தைகளின் இரவு' என்ற ஷோவை நடத்தினார். பெயரோடு ஒட்டியிருக்கும் 'லியோபார்தோஸ்' அங்கிருந்து வந்ததுதான். சிறுத்தைகள் என்று அர்த்தம்.

இப்போது நிலைமை?

அறுவை சிகிச்சை இல்லாமலேயே ஆவணங்களில் பெயரையும் பாலினத்தையும் மாற்றிக்கொள்ளலாம் என்று பிரேசில் உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே, திருநர்கள் மீதான வெறுப்பை இனவெறிக்குச் சமமான குற்றமாக்கியது. ஆனாலும் திருநர் கொலைகளைக் கணக்கெடுக்கும் அமைப்புகளின் பட்டியலில் பிரேசில்தான் பல வருஷங்களாக முதலிடம்.

எலோயினாவைப் பார்க்க விரும்பினால் ஒரு படம் இருக்கிறது. நடிகை லியாண்ட்ரா லியால் இயக்கிய 'திவினாஸ் திவாஸ்' என்ற 2016 ஆவணப்படம். ராணுவ ஆட்சிக் காலத்தில் மேடையேறிய எட்டு பேர், வயதான பிறகு ரியோவின் ரிவால் தியேட்டரில் மறுபடி ஆடிப் பாடுகிறார்கள். அந்தத் தியேட்டரை முன்பு நடத்தி, அவர்களுக்கு மேடை கொடுத்தவர் இயக்குநரின் தாத்தா. எட்டுப் பேரில் ரோஜேரியா 2017-லும், ஜேன் டி காஸ்ட்ரோ 2020-லும் காலமானார்கள்.