நீண்ட இரவுக்கு ஒரு பீடம்

டிசம்பர் 21 அல்லது 22ஆம் தேதி லண்டனில் காலை எட்டு மணிக்குத்தான் சூரியன் எட்டிப் பார்க்கும். மாலை நான்கு மணிக்கு முன்பே மறைந்துவிடும். பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதால் வரும் விளைவு இது. ஆண்டின் மிக நீண்ட இரவு அது. அதைத் தாண்டினால் பகல் கொஞ்சம் கொஞ்சமாக வளரும். இந்தக் கதிர்த்திருப்பத்தை விக்கா எனும் நவீன இயற்கை வழிபாட்டுச் சமயத்தார் 'யூல்' என்ற பெயரில் கொண்டாடுகிறார்கள். அன்று வீட்டுப் பீடம் புதுக்கோலம் பூணும்.

விக்கா ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பழையது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். அதை உலகறியச் செய்தவர் ஜெரால்டு கார்ட்னர் என்ற ஆங்கிலேயர். இளம்வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்தார். பிறகு மலாயாவில் சுங்க அதிகாரியானார். பிரிட்டனில் சூனியத் தடைச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டது. அதன் பிறகே, 1954இல், அவருடைய 'விட்ச்கிராஃப்ட் டுடே' ('இன்றைய சூனியம்') என்ற நூல் வெளிவந்தது. பீடத்தில் இருக்கும் பொருள்கள் பல பழையவைதான். அவற்றை ஒன்றுசேர்த்த முறைக்கு வயது எழுபத்துச் சொச்சம்.

பீடம் என்றால் பெரும்பாலும் ஒரு சிறு மேசையும் விரிப்பும்தான். நிலத்துக்கு வடக்கில் உப்பு, காற்றுக்குக் கிழக்கில் தூபம், நெருப்புக்குத் தெற்கில் மெழுகுவத்தி, நீருக்கு மேற்கில் கிண்ணம். நடுவில் ஐந்துமுனை நட்சத்திரம் பொறித்த தட்டு. அருகில் 'அதாமே' எனும் கறுப்புப் பிடிக் கத்தி. சடங்கில் அதைக் கொண்டு வட்டம் வரைவார்கள், எதையும் வெட்டுவதில்லை. மலாய்க்காரர்களின் கிரிஸ் கத்தியைப் பற்றி 1936இல் ஒரு புத்தகமே எழுதியவர் கார்ட்னர். அவர் வளர்த்த சமயத்தில் கத்திக்கு இத்தனை மரியாதை இருப்பதில் எனக்கு வியப்பில்லை.

யூல் அலங்காரத்துக்கு விதி ஒன்றுதான்: மற்றதெல்லாம் இலையுதிர்த்து நிற்கும்போது எது பச்சையாக இருக்கிறதோ, அதைக் கொண்டுவா. பைன் கிளை, ஐவிக் கொடி, ஹாலி, மிசில்டோ எல்லாம் அப்படி வந்தவை. ஹாலி இலையைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று புலப்படும். மான்கள் எட்டிக் கடிக்கும் உயரத்தில் இலை விளிம்பெல்லாம் முள். உச்சிக் கிளைகளில் அதே மரத்தின் இலை முள்ளின்றி மழமழவென்று இருக்கும். சிவப்புப் பழம் பெண் மரத்தில் மட்டுமே காய்க்கும். மிசில்டோ நம்மூர் மாமரத்துப் புல்லுருவிக்குத் தூரத்து உறவு. அதன் வேர் ஆப்பிள் போன்ற மரங்களின் கிளைக்குள் இருக்கும். பசை மிகுந்த வெள்ளைப் பழத்தின் விதையைப் பறவைகள் அலகில் ஒட்டிக்கொண்டுபோய் அடுத்த கிளையில் தேய்த்துவிடும். ஓக் மரத்தில் முளைத்த மிசில்டோவைப் பண்டைய கெல்டியரின் ட்ரூயிட் குருமார்கள் பொன் அரிவாளால் அறுத்தார்கள் என்று ரோமானியரான பிளினி முதல் நூற்றாண்டில் எழுதிவைத்தார். இன்றோ இங்கிலாந்தின் டென்பரி வெல்ஸ் ஊரில் அதைக் கட்டுக்கட்டாக ஏலம் விடுகிறார்கள்.

பீடத்தின் நாயகன் யூல் கட்டை. முன்பு கணப்படுப்பில் இரவெல்லாம் எரிந்த பெருங்கட்டை அது. கணப்படுப்பு மறைந்த வீடுகளில் மெழுகுவத்தித் தாங்கியாகச் சுருங்கிவிட்டது. ஒரு முழ நீள ஓக் கட்டையை எடுத்து, உருளாதபடி அடிப்பக்கத்தை இழைத்துத் தட்டையாக்குகிறார்கள். மேலே மெழுகுவத்தியின் பருமனுக்கு மூன்று குழி துளைத்து, சிவப்பு, பச்சை, வெள்ளை நிறங்களில் வத்திகளை நடுகிறார்கள். அன்றிரவு விளக்கையெல்லாம் அணைத்துச் சற்று நேரம் இருட்டில் உட்கார்ந்த பிறகே முதல் வத்தி ஏற்றப்படும். கட்டையை எரிப்பவர்கள் ஒரு துண்டை எடுத்துவைத்து, மறு ஆண்டின் கட்டைக்கு அதிலிருந்தே தீ மூட்டுவார்கள். ஓக்கும் ஹாலியும் ஒரே பீடத்தில் இருப்பதற்கு ஒரு கதையும் உண்டு: தேயும் பகல்களை ஆண்ட ஹாலி அரசனை அன்று ஓக் அரசன் வெல்கிறான். இதுவும் பண்டைய புராணம் அல்ல. கவிஞர் ராபர்ட் கிரேவ்ஸ் 1948இல் எழுதிய நூலிலிருந்து பரவியது.

சூரியனுக்கு நிகராக ஆரஞ்சு. அரை சென்டிமீட்டர் கனத்தில் வட்டவட்டமாக நறுக்கி, ஈரத்தை ஒற்றியெடுத்து, 100 டிகிரி செல்சியஸ் ஓவனில் மூன்று நான்கு மணி நேரம், இடையிடையே திருப்பிப்போட்டு உலர்த்த வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் ஓரம் கருகிவிடும். நன்றாகக் காய்ந்த வில்லையை விளக்குக்கு முன் தொங்கவிட்டால் கண்ணாடிபோல ஒளி ஊடுருவும். முழு ஆரஞ்சில் கிராம்பு செருகி இலவங்கப்பட்டைத் தூளில் புரட்டி வைப்பவர்களும் உண்டு. மணம் வாரக்கணக்கில் நிற்கும்.

ஹாலி, ஐவி, மிசில்டோ மூன்றின் பழங்களும் நஞ்சு. குழந்தையோ பூனையோ உள்ள வீட்டில் எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். காய்ந்த பைன் கிளையை மெழுகுவத்திக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது.

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மிக நீண்ட இரவு ஜூனில் வருவதால், அங்குள்ள விக்கா சமயத்தார் யூலை ஜூன் 21ஐ ஒட்டிக் கொண்டாடுகிறார்கள். அங்கே உச்சிவெயில் வடக்கிலிருந்து விழுவதால், பலருடைய பீடத்தில் நெருப்பு வடக்குப் பக்கத்துக்கு மாறிவிடுகிறது.